தைரொயிட் குளிசையை எப்படிப் போடுவது

"ஒழுங்காக் குளிசை போட்டும் சோர்வு போகல்ல" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, குளிசைக்கும் காலைத் தேத்தண்ணிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான்.

இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமானது. அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களில் தைரொயிட் சுரப்புக் குறைவதற்கு முதற் காரணம் ஹஷிமோட்டோ நோய்: உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பத்தில் தொடரும். ஆகவே உப்பைக் கூட்டி இதைக் குணமாக்க முடியாது. சமைத்த கோவாவை ஒதுக்கவும் தேவையில்லை.

குறைந்த சுரப்பை ஈடுசெய்யத் தரும் தைரொக்சின் குளிசையை எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறகு 30 முதல் 60 நிமிடம் வரை எதுவும் வேண்டாம். பால் தேத்தண்ணி, பிளேன்டீ, கோப்பி எல்லாம் இதில் அடங்கும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் குடலுக்குள் தைரொக்சின் அவற்றோடு பிணைந்து, உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே வந்து சேர்வதால், காலை 6 மணிக்குத் தைரொக்சின், மதியச் சாப்பாட்டை ஒட்டி இரும்பு, இரவில் கல்சியம் என்று பிரித்துக்கொள்ளலாம். கர்ப்பம் தரித்தால் குளிசையை நிறுத்தவே கூடாது. தேவை முதல் வாரங்களிலேயே கூடும். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் உடனே சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் பலர் சஹர் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். அரை மணித்தியாலம் முந்தி எழும்பிப் போடுங்கள். அல்லது கடைசியாகச் சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம். ஒரு முறையைத் தெரிந்தெடுத்து நோன்பு முடியும்வரை அதிலேயே நில்லுங்கள்.

ஒரு நாள் மறந்தால் பயப்பட வேண்டாம். மருந்தில் பாதி உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஆஸ்பத்திரியில் கடதாசிக் கவரில் தந்ததை அடுப்படித் தட்டிலோ யன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்கும். இறுக மூடும் உலர்ந்த டப்பாவில் போட்டு, அறை அலுமாரிக்குள் வையுங்கள்.

அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே டீ.எஸ்.எச். (அளவு சரியா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள், அதற்கு முன் வரும் எண்ணை நம்ப முடியாது. முடி, நகத்துக்கென்று பயோட்டின் விற்றமின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முந்தியே அதை நிறுத்த வேண்டும், முடிவைப் பிழையாகக் காட்டும். எண் சரியாக வந்தால் குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம், விட்டுவிடாதீர்கள். நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை தொடங்கினால் அளவு கூடியிருக்கலாம். நீங்களாகப் பாதியாக உடைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.