நல்ல செய்தியைப் பகிர்வதற்கு முன்னால்

வெனிஸ் கால்வாய்களுக்கு டால்பின்கள் திரும்பி வந்துவிட்டன என்று 2020 ஊரடங்கு நேரத்தில் ஒரு வீடியோ சுற்றியது, ஞாபகம் இருக்கிறதா? அது வெனிஸே இல்லை, சார்டினியாத் தீவின் துறைமுகத்தில் எடுத்தது. நல்ல செய்திதானே, பொய்யாக இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகாதுதான். ஆனால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிறகு உண்மை தெரிந்துகொண்டவர், அடுத்து நீங்கள் அனுப்பும் நிஜமான செய்தியையும் படிக்காமலே தள்ளிவிட்டுப் போவார்.

அதனால் முதலில் தேதியைப் பாருங்கள், பழைய செய்திகள்தான் அதிகம் சுற்றுகின்றன. அப்புறம் படம். கூகுள் லென்ஸில் போட்டால் அது முன்பு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மருத்துவச் செய்தி என்றால் உள்ளே 'எலி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். எலிக்குப் பலித்த மருந்துகளில் பெரும்பாலானவை மனிதருக்குப் பலிப்பதில்லை, நோயாளி இருக்கும் வீட்டில் அந்தத் தலைப்பை எப்படிப் படிப்பார்கள் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

எண் இருந்தால் எதிலிருந்து எதற்கு என்று சேர்த்தே எழுத வேண்டும். 'ஐபீரியன் லின்க்ஸ் காட்டுப்பூனை பிழைத்துவிட்டது' என்பதில் ஒன்றுமில்லை. ஸ்பெயின், போர்ச்சுகலில் வாழும் இந்த இனத்தில் முழு வளர்ச்சியடைந்தவை 2001இல் வெறும் 62, 2022இல் 648 என்று போடுங்கள், ஆபத்து இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், எப்படி நடந்தது என்பது. என்னைக் கேட்டால் நம்பிக்கையே அங்கேதான் இருக்கிறது. நரம்புச் சிலந்தி நோயை எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்கும் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் கினிப் புழுவால் வருவது அது. 1986இல் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2024இல் பதிவானது 15 பேருக்கு மட்டும். இத்தனைக்கும் தடுப்பூசி கிடையாது, குணப்படுத்த மருந்தும் கிடையாது. குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புழு வெளிவரும் புண்ணோடு குளத்தில் இறங்காதே என்று ஊர் ஊராகப் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், முக்கியமாக அதுதான். இந்த இரண்டு வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் அது ஏதோ அதிசயம் மாதிரி ஆகிவிடும்.

பெரிய செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பறவை பார்ப்பவர் பறவை பற்றி, செடி வளர்ப்பவர் செடி பற்றிச் சொன்னால் நம்பிக்கையாக இருக்கும், ஏனென்றால் எது புதுசு, எது சும்மா ஊதிப் பெருக்கியது என்று அவருக்குத் தெரியும். விதைத்தது முளைத்துவிட்டதா? படத்தைப் போடுங்கள், ஆதாரம் யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, ஒருவர் வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கும் இடத்தின் கீழே போய் மட்டும் பாண்டா குட்டியை ஒட்டாதீர்கள். 'இது நிஜமா?' என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்காமல், நீங்கள் பார்த்த இடத்தின் இணைப்பைக் கொடுங்கள். பொய் என்று தெரியவந்தால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு நழுவாமல், அதே இடத்தில் திருத்தம் போடுங்கள்.