கல்லுக்குள் கிடக்கும் மீனைத் திறப்பது எப்படி?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கெம்மரர் ஊரைச் சுற்றியுள்ள சில தனியார் குவாரிகளில் காசு கட்டினால் நாமே கல்லைப் பிளந்து புதைபடிவ மீன் எடுக்கலாம். அதிகம் கிடைப்பது நைட்டியா. மத்திக்கு உறவான சிறு மீன். சுமார் 5.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரியில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தது.

பிளந்ததும் முழு மீனும் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் மேலே மெல்லிய கல் ஏடு மூடியிருக்கும். முதுகெலும்பு ஓடும் இடம் மட்டும், துணிக்கு அடியில் நூல் கிடப்பதுபோல் லேசாகப் புடைத்திருக்கும். நேர் வெளிச்சத்தில் இது கண்ணில் படாது. மேசை விளக்கைக் கல்லோடு கல்லாகத் தாழ்த்திச் சாய்த்து வையுங்கள். நிழல் விழும், மீன் தெரியும். அங்கே இரவில் விளக்கோடு தேடுவதும் இதற்காகத்தான்.

கல் ஈரமாக இருந்தால் நிழலில் மெதுவாக உலரட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

சரி, இனி ஊசி. பிடி போட்ட கூர்மையான எஃகு ஊசி, மென்மையான பிரஷ், பூதக்கண்ணாடி, முகக்கவசம் போதும். முதுகெலும்பில் தொடங்கி வெளிப்பக்கமாக நகருங்கள். ஊசியைக் குத்தாதீர்கள், படுக்கையாகப் பிடித்து, கல் ஏட்டை மட்டும் செதில் செதிலாகக் கிளப்புங்கள். வெளிர் கல்லுக்கு நடுவே பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தால் அதுதான் எலும்பு, அங்கே நின்றுவிடுங்கள். விலா எலும்புகள் தலைமுடி கனம்தான் இருக்கும். வால் துடுப்பின் கதிர்கள் அதைவிட மோசம். என் முதல் மீனில் பாதி வாலை நான் இழந்தது, இரவு பதினோரு மணிக்கு "இன்னும் கொஞ்சம்தானே" என்று அவசரப்பட்டதால். அந்த வாலை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. கை அலுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடி வையுங்கள்.

வேலை சீக்கிரம் முடியும் என்று வினிகரில் ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். இது சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் எலும்பைத் தாங்கி நிற்கும் கல்லே கரைந்து போகும்.

எலும்பு உதிர்ந்தால் பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, துளித்துளியாக விடுங்கள். தவறினால் அசிட்டோனாலேயே திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம். சூப்பர் க்ளூவை அப்படி லேசில் எடுக்க முடியாது.

உடைந்த துடுப்பைப் பெயின்ட்டால் வரைந்து நிரப்பாதீர்கள். இல்லாதது இல்லாததாகவே இருக்கட்டும். அப்புறம், கல்லின் பின்புறம் குவாரி, அடுக்கு, எடுத்த தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.