நகராட்சி அறிவிப்பு எந்தப் பேப்பரில் வர வேண்டும்? அடிக்கடி நடக்கும் தவறுகள்

மார்ச் நெருங்கினாலே நகராட்சி அலுவலகங்களில் ஏல வேலை தொடங்கிவிடும். பேருந்து நிலையக் கடைகள், சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம், தினசரி மார்க்கெட் சுங்கம் என்று ஒவ்வொன்றையும் குத்தகைக்கு விடும் முன் பேப்பரில் அறிவிப்பு வந்தாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வருடம் அந்த அறிவிப்பு வரத்தான் செய்தது, ஆனால் வேறு மாவட்டத்துக்குப் போகும் பதிப்பில். மார்க்கெட் வாசல் டீக்கடையில் தினமும் நாலு பேப்பர் கிடக்கும். அதில் ஒன்றிலும் அறிவிப்பு இல்லை. ஏலத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். சுங்கம் எடுக்கலாம் என்று பணம் புரட்டி வைத்திருந்த வியாபாரிகளுக்கு, எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: பேப்பரின் பெயரை மட்டும் பார்ப்பது, பதிப்பைப் பார்க்காமல் விடுவது. தமிழ் நாளிதழ்கள் பல ஊர்களில் அச்சாகின்றன. ஒரே பெயர், ஒரே தேதி. உள்ளே மாவட்டப் பக்கங்களும் விளம்பரங்களும் வேறு வேறு. பேப்பர் எத்தனை பிரதி விற்கிறது என்று கணக்குப் பார்க்கும் விற்பனைத் தணிக்கைக் கழகத்தின் (ABC) சான்றில் ஒரு பேப்பருக்குப் பல லட்சம் பிரதிகள் இருக்கலாம். அதில் உங்கள் ஊருக்கு எத்தனை கட்டு இறங்குகிறது என்பதுதான் நமக்குத் தேவை. காலை ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டுப் பிரிக்கும் ஏஜென்டைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

“பேப்பரை முடிவு செய்வது நாங்கள் இல்லையே” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பாதி உண்மை. தமிழ்நாட்டில் அரசு சார்ந்த விளம்பரங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகத்தான் பேப்பர்களுக்குப் போகின்றன; விளம்பரத்தின் அடியில் செ.ம.தொ.இ. என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அனுப்பும் கடிதத்தில் எந்த ஊர், எந்தப் பதிப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டியது நகராட்சிதான். “நாளிதழ்களில் வெளியிட ஆவன செய்யவும்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், எங்கோ ஒரு பதிப்பில் வரும். அப்புறம் யாரையும் குறை சொல்ல முடியாது.

மொழி அடுத்த விஷயம். ஆங்கிலப் பேப்பரில் போட்டால் கௌரவம், பெரிய ஒப்பந்ததாரர்கள் பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. பாலம் கட்டும் டெண்டருக்கு அது சரி. வரி, நிலம் சம்பந்தப்பட்ட அறிவிப்புக்கு அது மட்டும் போதாது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அந்தப் பகுதியில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்கிறது.

மொழியை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரி விதிக்க முடிவு செய்தது. இந்தியில் வெளியாகும் உள்ளூர்ப் பேப்பரில் தீர்மானத்தைப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். நகராட்சியோ உருதுப் பேப்பர் ஒன்றில் இந்தியில் அச்சடித்துப் போட்டது. வரி செல்லாது என்று அங்கிருந்த சர்க்கரை ஆலை நிறுவனம் வழக்குப் போட்டது. பெரும்பான்மை நீதிபதிகள் வரி செல்லும் என்றார்கள். ஊரில் ஒழுங்காக வரும் இந்திப் பேப்பர் இல்லை, அறிவிப்பு இந்தியில்தான் இருந்தது, அந்த உருதுப் பேப்பர் ஊரில் நன்றாகவே புழங்கியது என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடுவது கட்டாயம், அதைத் தவிர்க்கவே முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். எப்படி வெளியிடுவது என்பதில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. மக்களிடம் சேர வேண்டும் என்பதில் கிடையாது.

நாள் கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) விதிகளின்படி, டெண்டர் மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் விண்ணப்பிக்க அவகாசம் வேண்டும். இந்தக் கணக்கு, டெண்டர்களுக்கென்றே அரசுத் தரப்பில் வரும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. பேப்பரில் பத்தாம் நாள் வந்தால், அதைப் பார்த்து வருபவருக்கு மிஞ்சுவது ஐந்து நாள். வைப்புத்தொகை கட்டி, சான்றிதழ் எல்லாம் சேர்க்க அது எப்படிப் போதும்? இரண்டும் ஒரே நாளில் வரும்படி முன்கூட்டியே கடிதம் அனுப்புங்கள்.

கவுன்சிலை விமர்சித்து எழுதும் பேப்பருக்கு விளம்பரத்தை நிறுத்துவதும், வேண்டிய பேப்பருக்குத் தூக்கிக் கொடுப்பதும் தவறு. அறிவிப்புக்குக் கொடுக்கும் பணம் வரி கட்டுகிறவரின் பணம். அவர் எந்தப் பேப்பர் படிக்கிறாரோ அதில்தான் வர வேண்டும்.

கடைசியாக, கோப்பு. அறிவிப்பை மட்டும் கத்தரித்து, பச்சை நாடா போட்ட கோப்பில் பின் அடித்து வைப்பார்கள். மூன்று வருடம் கழித்து வழக்கு வரும்போது அந்தத் துண்டில் தேதி இருக்காது, பேப்பர் பெயர் இருக்காது, எந்தப் பதிப்பு என்றும் தெரியாது. பின்பக்கம் பாதி சினிமா விளம்பரம்தான் இருக்கும். முழுப் பக்கத்தையும், பேப்பர் பெயரும் தேதியும் உள்ள முதல் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். வந்த அன்றே சர்வே எண், வார்டு எண், கடைசித் தேதி மூன்றையும் தீர்மான நகலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 112/3 என்பது 113/2 என்று அச்சாகியிருந்தால் அன்றே திருத்தம் கேட்க வேண்டும். அந்தத் திருத்தம் அதே பேப்பரில், அதே பதிப்பில் வர வேண்டும். ஆட்சேபம் சொல்லும் அவகாசத்தையும் அந்தத் தேதியிலிருந்தே மறுபடி கொடுத்துவிடுங்கள்.