வெளிறிய வானத்தை நம்பலாமா? பழைய நீர்வண்ண ஓவியம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பஹாமாஸ் தீவுகளின் நஸாவ் நகருக்கு 1884-85 குளிர்காலத்தில் ஒருமுறையும், 1898 டிசம்பரில் மறுமுறையும் போனார். அங்கே அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய கடற்கரைக் காட்சிகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் இத்தகைய ஓவியங்களை நாம் பெரும்பாலும் தவறாகவே பார்க்கிறோம்.

இன்று கண்ணில் படும் நிறமே ஓவியர் வைத்த நிறம் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. நீர்வண்ணப் பூச்சு மிக மெல்லியது. வெளிச்சம் அதை எளிதில் அரித்துவிடும். அதுவும் ஒரே சீராக அரிப்பதில்லை. காவி போன்ற மண் நிறங்கள் நிலைத்து நிற்கும். செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுத்த சிவப்புச் சாயங்கள் முதலில் போய்விடும். சிவப்பும் நீலமும் கலந்த ஊதா மேகத்தில் சிவப்பு மறைந்தால் வெறும் நீலம்தான் மிஞ்சும். அவுரி நீலமும் செம்மண் நிறமும் கலந்த சாம்பல் மேகத்தில் அவுரி மறைந்தாலோ, மேகம் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். ஹோமர் 1887இல் தீட்டிய ஒரு வயல் காட்சியில் வானம் இப்போது ஏறக்குறைய வெள்ளையாக இருக்கிறது. சிகாகோ கலை நிறுவனத்தினர் ஆராய்ந்தபோது, அது செக்கச் சிவந்த அந்தி வானமாக இருந்தது தெரியவந்தது. ஆகவே வெளிறிய வானத்தை வைத்து 'இது உச்சி வெயில்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வெள்ளையிலும் ஏமாறுகிறோம். படகின் பாய், அலையின் நுரை இரண்டும் பெரும்பாலும் பூசிய வெள்ளை அல்ல, வண்ணம் படாமல் விட்ட காகிதம். காகிதம் பழுப்பேறினால் அந்த வெள்ளையும் மங்கும்.

இன்னொன்று, அழகை மட்டும் பார்த்துவிட்டு நகர்வது. ஹோமரை முதலில் நஸாவுக்கு அனுப்பியது ஒரு பத்திரிகை. குளிருக்கு ஒதுங்கும் பயணிகளுக்கான ஊர் என்று அதைக் காட்டும் கட்டுரைக்குப் படம் வேண்டியிருந்தது. அவர் பின்னாளில் தீட்டிய நஸாவ் மதில் சுவர் ஒன்றின் மேல் கண்ணாடிச் சில்லுகள் பதிந்திருக்கின்றன. உள்ளே தோட்டத்துச் செம்மலர்கள், அப்பால் கடல். யாரை வெளியே நிறுத்த அந்தச் சில்லுகள் என்று கேட்காமல் அந்தப் படத்தைக் கடக்க முடியாது. 1899இல் தீட்டிய புயலுக்குப் பிந்தைய காட்சியில், உடைந்த படகருகே மணலில் ஒருவர் கிடக்கிறார்.

உங்கள் வீட்டிலேயே பழைய நீர்வண்ண ஓவியம் இருந்தால், ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் இன்றும் நீரில் கரையும். பழுப்புப் புள்ளிகளைச் சுரண்டாமல், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்; அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில்தான் இவற்றைக் காட்டுகின்றன, அதுவும் சில மாதங்களுக்கே. பிரேமைக் கழற்றும் சந்தர்ப்பம் வாய்த்தால், ஓவியத்தைச் சுற்றி வைத்த அட்டை மறைத்திருந்த விளிம்பைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த மெல்லிய ஓரத்தில் பழைய வானத்தின் நிறம் இன்னும் இருக்கக்கூடும்.