அசைன்மென்ட் கொடுக்கும் முன்

"பணவீக்கத்தின் காரணங்களை விவரி" என்று கொடுத்துவிட்டு, அறுபது பேரிடமிருந்தும் ஒரே மாதிரி வழவழப்பான பதில் வந்தால் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. கேள்வியே அப்படி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருவதற்கு முன்பு இதையேதான் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினார்கள். சென்னையில் இருபது வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு என் வழியைச் சொல்கிறேன்.

கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். ஒரே நாளில் கோயம்பேட்டில் தக்காளி என்ன விலை, உங்கள் தெருக் கடையில் என்ன விலை, நடுவில் ஏறிய பணம் யார் யாருக்குப் போகிறது? போன செமஸ்டரில் வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கடைக்காரரிடமே உட்கார்ந்து கணக்கு வாங்கி வந்தாள். பெட்டி விலை, குட்டியானை வாடகையில் பங்கு, ஏற்றுக்கூலி, கடைசியில் "அழுகல் 2 கிலோ". அந்த வரிக்கே முழு மார்க் போட்டேன். எங்கள் பாடப்புத்தகத்தில் எதுவும் அழுகுவதில்லை.

அடுத்து வைவா, அதாவது நேரில் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு. ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் 60 பேருக்கு 4 மணி நேரம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்; நான் பார்த்தேன், நாற்பதாவது ஆளிடம் என்ன கேட்டேன் என்றே நினைவில்லை. நாளுக்குப் பத்துப் பேர் போதும். முதல் கேள்வி, "கடைக்காரர் என்ன சொன்னார்?" கடைக்கே போகாதவர் அங்கேயே முழிப்பார். தமிழில் பதில் சொல்ல விடுங்கள், வகுப்பில் வாயே திறக்காத பையன்கூடப் பேசுவான்.

ஏஐ பயன்படுத்தினால்? பயன்படுத்தட்டும். அதனிடம் என்ன கேட்டான், அது எங்கே தப்பாகச் சொன்னது என்று ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர், ஐஐடி மெட்ராஸே 2020இல் ஆன்லைன் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது, இனி நம் வகுப்பறைக்கு யார் வருவார்கள் என்கிறார். இன்னொருவருக்கு மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுதான் கதி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் வேலையே தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதுதான். பாடம் நடத்தியது கல்லூரிகள். விடைத்தாளைக் கும்பிடும் பழக்கம் அவ்வளவு பழசு. எனக்கென்னவோ, எதிரே உட்கார வைத்துக் கேட்கும் அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் இனி கல்லூரி வேண்டியிருக்கும் என்று படுகிறது.

சரி, ஒன்று மறக்க வேண்டாம். எழுத்துக்குப் பாதி, வைவாவுக்குப் பாதி என்று முதல் வகுப்பிலேயே அறிவித்து, துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இன்டர்னல் மார்க் குறைந்தது ஏன் என்று பெற்றோர் வந்து நின்றால், காட்ட ஒரு தாள் வேண்டும்.