ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஜோடியாகப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கி.மீ.தான், அதனால் எல்லாரும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இருட்டோடு கிளம்பினால் மாமல்லபுரம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதை ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம், ஆனால் அலையும் இழுப்பும் அங்கே அதிகம், கால் நனைப்பதோடு சரி. அப்புறம் மரக்காணம்! சாலையோரம் பரந்து கிடக்கும் உப்பளங்கள், வெயில் காலத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பு. வண்டியை ஓரம்கட்டி, போனை உள்ளேயே வைத்துவிட்டு, ஒரு டீயோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள், என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் சிறந்த இடமே அதுதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், தாராளமாகக் கைகோத்து நடக்கலாம். வண்டியை முன்னாலேயே பக்கத்துத் தெருவில் நிறுத்திவிடுங்கள்.