சுக்கானைக் குறை சொல்வதற்கு முன்: ரிமோட் மின்படகு வளைவில் தடுமாறுவது ஏன்?

மேட்டூர் தண்ணீர் கடைமடை வரை வந்து ஊர்க்குளங்கள் நிரம்பியதும், டெல்டாவில் ரிமோட் பந்தயப் படகு வைத்திருப்பவர்கள் அதைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். நேராக ஓடும்போது அம்பாகப் பாயும் படகு, மிதவையைச் சுற்றும்போது மட்டும் பின்பக்கம் வழுக்கிச் சுழல்வதும் கவிழ்வதும் ஏன் என்று கேட்டால், பெரும்பாலோர் சுக்கானைத்தான் கை காட்டுகிறார்கள். நானும் மன்னார்குடிப் பக்கத்துக் குளம் ஒன்றில் இதே எண்ணத்தோடு பெரிய சுக்கானைப் பொருத்தி, ரிமோட்டில் அதன் திரும்பும் அளவையும் கூட்டி ஓட்டினேன். படகு முன்பைவிடச் சீக்கிரமாகச் சுழன்றது.

சுக்கான் திருப்பத்தைத் தொடங்கிவைக்கிறதே தவிர, திரும்பும் படகைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்து நிறுத்துவது, பின்பலகையின் ஓரத்தில் நீருக்குள் இறங்கியிருக்கும் டர்ன் ஃபின் என்ற தகடுதான். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எத்தனை பேர் வடம் இழுத்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் சரியாகப் போட்டால்தான் தேர் திசை மாறும். சுக்கானை அளவுக்கு மீறி ஒடித்தால் அது நீரைத் திருப்பாமல் தடுக்கத் தொடங்கி, பிரேக் போட்டதுபோல் பின்பக்கத்தை இழுத்துவிடும். ஆகவே திரும்பும் அளவைக் குறைவாக வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரியான வழி.

ஃபின்னைப் பொறுத்தவரை அடிக்கடி நடக்கும் தவறு திசையை மறப்பது. நீள்வட்டத் தடத்தில் நடக்கும் பந்தயங்களில் பொதுவாக, பிராகாரத்தை வலம் வருவதுபோல் மிதவைகளை வலக்கைப் பக்கம் வைத்து ஓட்டுவார்கள். அதற்கேற்ப ஃபின் வலப்புறத்தில், அதாவது வளைவின் உட்பக்கத்தில் இருக்கும். அந்தப் படகை முழு வேகத்தில் இடப்புறம் ஒடித்தால், உள்ளே இருக்க வேண்டிய ஃபின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடுவதால் படகு அதன் மேலேயே தடுக்கிக் கவிழ வாய்ப்புண்டு. இடப்புறம் திரும்பியே ஆக வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபின்னின் சாய்வையும் பலர் கவனிப்பதில்லை. அதன் கீழ்முனை படகின் நடுக்கோட்டை நோக்கிச் சற்று உள்வாங்கியிருந்தால், வளைவில் நீர் தரும் விசையின் ஒரு பகுதி உட்பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். வெளிப்பக்கம் விரிந்திருந்தால் அதே விசை உட்பக்கத்தைத் தூக்கிவிடும். கரையில் முட்டி ஒரு முறை வளைந்த ஃபின்னை அப்படியே விட்டுவிட்டு, மோட்டார், பேட்டரி என்று பணம் செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதோடு, நம் குளங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. விரல் நீளமுள்ள வேலம்பாசி இழை ஒன்று அந்த விளிம்பில் மடிந்து தொங்கினாலே தகட்டை ஒட்டிக் காற்று உள்ளிறங்கி அதன் பிடி தளர்ந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஃபின்னையும் சுக்கானையும் விரலால் வழித்துப் பார்ப்பது நல்லது. ஆகாயத்தாமரை மண்டிய குளத்தை விட்டே விடலாம்.

எடை எங்கே நிற்கிறது என்பதை அளக்காமல் பேட்டரியைக் கிடைத்த இடத்தில் ஒட்டுவது அடுத்த தவறு. வி வடிவ அடிப்பகுதி கொண்ட படகுக்கு, பின்பலகையிலிருந்து நீளத்தின் சுமார் 30 சதவீதத்தில் எடை மையம் அமைவது நல்ல தொடக்கம், 80 செ.மீ. படகானால் ஏறக்குறைய 24 செ.மீ. பேட்டரியோடு சேர்த்து இரு விரல்களில் படகைத் தூக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். எடை முன்னால் மிகுந்தால் மூக்கு நீரில் குத்தி, அதையே அச்சாக்கிப் பின்பக்கம் சுழலும். பின்னால் மிகுந்தால் மூக்கு எழும்பித் துள்ளும்.

ரிமோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையான த்ராட்டிலில் செய்யும் தவறுதான் திருத்தக் கடினமானது, ஏனென்றால் அது படகில் இல்லை, நம் விரலில் இருக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும் 2 கிலோ படகு, ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது, 35 கி.மீ.க்குக் குறைத்தால் அது பாதியாகிவிடும். இதை அறிந்தவர்கள்கூட, வளைவின் நடுவே பயந்துபோய் விரலைச் சட்டென்று எடுத்துவிடுகிறார்கள். அப்போது மூக்கு அமுங்கிப் படகு சுழல்கிறது. வேகத்தை மிதவைக்கு முன்பே, நேராக ஓடும்போதே தணித்து, வளைவு முழுவதும் ஒரே சீராகப் பிடித்து, படகு நிமிர்ந்த பிறகு கூட்ட வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியான இஎஸ்சியில் பிரேக் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

படித்துறைச் சுவரை ஒட்டி மிதவை போடுவதும் வேண்டாம். படகு எழுப்பிய அலை சுவரில் மோதித் திரும்பி, அடுத்த சுற்றில் அதே வளைவில் காத்திருக்கும். ஆடிக் காற்றில் சொல்லவே வேண்டாம்.

காலையில் ஒழுங்காகத் திரும்பிய படகு, எதையும் மாற்றாமலே பத்து மணிக்குத் தடுமாறினால், சுக்கானைத் தொடுவதற்கு முன் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். அரை டம்ளர் தண்ணீர் இருந்தாலும் வளைவில் அது மொத்தமாக வெளிப்பக்கம் ஓடி எடையைச் சாய்த்துவிடும். பஞ்சால் ஒற்றி எடுத்து, மூடியின் விளிம்பு நன்றாகக் காய்ந்த பிறகு டேப்பைப் புதிதாக ஒட்டுங்கள்; ஈரத்தின் மேல் ஒட்டிய டேப் இரண்டாவது சுற்றிலேயே பிரிந்துவிடும்.